சைக்கிளும் ஒன்பது மடங்கு உலகமும்

1897ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் நாள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகை முன்பு பெருங்கூட்டம் திரண்டிருந்தது. தேர்வெழுதித் தேறும் பெண்களுக்குப் பட்டப் பெயர் வழங்கலாமா, கூடாதா என்று அன்றைக்கு வாக்கெடுப்பு. பெண்கள் அங்கே படிக்காமல் இல்லை. கர்ட்டன், நியூனம் என்று அவர்களுக்கென இரண்டு கல்லூரிகள் இருந்தன. 1890ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் ஃபிலிப்பா ஃபாசெட் என்னும் மாணவி, முதலிடம் பெற்ற ஆண் மாணவரைவிட அதிக மதிப்பெண் வாங்கிக் காட்டியிருந்தார். ஆனாலும் பட்டம் மட்டும் கிடையாது.

பட்டம் தரக்கூடாது என்ற ஆண் மாணவர்கள், கூட்டத்தின் தலைக்கு மேலே ஒரு பெண் பொம்மையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தப் பொம்மை சைக்கிளின்மேல் உட்கார்ந்திருந்தது. வாக்கெடுப்பில் பெண்கள் தரப்பு தோற்றதும் பொம்மையைக் கிழித்து, அந்தத் துண்டுகளை நியூனம் கல்லூரியின் வாயிற்கதவில் கொண்டுபோய்த் திணித்தார்கள். கேம்பிரிட்ஜில் பெண்கள் முழுமையான பட்டம் பெற 1948ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். படிப்பை எதிர்க்க வந்தவர்கள் புத்தகம் ஏந்திய பொம்மையை அல்லவா தொங்கவிட்டிருக்க வேண்டும்? எதற்காகச் சைக்கிள்?

வரலாற்று ஆசிரியர்கள் இதற்குப் பல விடைகள் சொல்வார்கள். நான் பௌதிகம் கற்பிப்பவன். பௌதிகத்திலும் இதற்கு ஒரு விடை இருக்கிறது. அதைத்தான் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

உயரச் சக்கரமும் சங்கிலியும்

1870களில் ஐரோப்பாவில் ஓடிய சைக்கிளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் கையளவு. பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் அது முட்டாள்தனமான அமைப்பு அன்று. அப்போது பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரே ஒரு சுற்றுத்தான் சுற்றும். ஆகவே ஒரு மிதிக்கு அதிகத் தூரம் போக வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. விட்டம் 1.4 மீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 4.4 மீட்டர் தூரம் கிடைக்கும். அதற்குமேல் போக முடியாதபடி ஓட்டுபவரின் கால் நீளம் தடுத்துவிடும்.

அத்தனை உயரத்தில் ஏறி உட்கார்ந்தவர், சிறு கல்லில் சக்கரம் இடறினாலும் தலைகுப்புற விழ வேண்டியதுதான். கணுக்கால் வரை புரளும் பாவாடை அணிந்த அக்காலத்துப் பெண் அதில் ஏறுவதை நினைத்தும் பார்க்க முடியாது. உயரச் சக்கர வண்டி பெரும்பாலும் துணிச்சல்கார வாலிபர்களின் வண்டியாகவே இருந்தது.

1885இல் காவன்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற வண்டியைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய ஒரே அளவுள்ள இரண்டு சக்கரங்கள். நடுவில் பெடல். பெடலிலிருந்து பின்சக்கரத்துக்குச் சங்கிலி. இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளும் அடிப்படையில் அதே அமைப்புத்தான்.

சங்கிலி செய்த வேலை என்ன? உங்கள் சைக்கிளில் முன்னால் உள்ள பெரிய பற்சக்கரத்தின் பற்களை எண்ணுங்கள். பின்னால் உள்ள சிறியதையும் எண்ணுங்கள். முன்னால் 44, பின்னால் 18 என்று வைத்துக்கொள்வோம். பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சங்கிலியின் 44 கண்ணிகள் நகரும். அதற்குள் பின்சக்கரம் 44/18, அதாவது 2.44 சுற்றுச் சுற்றிவிடும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.23 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர். ஆள் உயரச் சக்கரம் தந்ததைவிட ஒரு மீட்டர் அதிகம். அதுவும் கால் எட்டும் உயரத்தில், இடுப்பளவுக்கும் குறைவான சக்கரத்தில்! 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதிர்வும் குறைந்தது. பத்தாண்டுக்குள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிளில் ஏறிவிட்டார்கள்.

பெண்களுக்கு அப்போது புதிதாகத் துணிச்சல் பிறந்துவிடவில்லை. துணிச்சல் முன்பும் இருந்தது. வாசற்படியின் உயரம்தான் குறைந்தது.

"வலு போதாது" என்ற வாதம்

அக்காலத்து மருத்துவர்கள் சிலர் இதைக் கண்டு கவலைப்பட்டார்கள். சைக்கிள் ஓட்டும் பெண்களுக்குத் தாடை இறுகி, கண் பிதுங்கி, 'சைக்கிள் முகம்' உண்டாகும் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். நாள் முழுதும் குனிந்து நாற்று நடும் பெண்ணுக்கு 'நாற்று முகம்' வரும் என்று எந்த மருத்துவரும் எச்சரித்து நான் படித்ததில்லை. அது கிடக்கட்டும். பெண்ணின் உடல் வலு சைக்கிளுக்குப் போதாது என்பது உண்மைதானா? அளந்து பார்ப்போம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ சைக்கிளில் சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறார். இரண்டு விசைகள் அவரை எதிர்க்கின்றன. டயர் தரையில் உருள்வதால் ஏற்படும் தடை சுமார் 6 நியூட்டன். காற்றின் தடை இன்னொரு 6 நியூட்டன். இரண்டும் சேர்ந்து 12 அல்லது 13. இந்தத் தடையை எதிர்த்து ஒரு வினாடிக்கு 4.2 மீட்டர் செல்லத் தேவையான திறன் ஏறக்குறைய 50 வாட். வீட்டுக் கூரையில் சுற்றும் பழைய மின்விசிறிக்கே 70 வாட் வேண்டும்.

சரி, காலால் எவ்வளவு அழுத்த வேண்டும்? பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பாதம் போகும் வட்டப்பாதையின் நீளம் சுமார் 1.07 மீட்டர். அதற்குள் வண்டி 5.4 மீட்டர் போகிறது. செய்யும் வேலை இரண்டு பக்கமும் சமம் என்று நெம்புகோல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். எனவே பெடலில் தேவைப்படும் சராசரி விசை சுமார் 64 நியூட்டன். சங்கிலியில் வீணாவதையும் சேர்த்துக்கொண்டால் 7 கிலோ எடையைத் தாங்கும் விசை, அவ்வளவே. ஒரு குடம் தண்ணீர் 15 கிலோ. அதை இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகச் சுமந்து கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடக்கிறவளைப் பார்த்து, அவளுக்குச் சைக்கிள் மிதிக்க வலுப் போதாது என்று சொல்வதில் கணக்கே இல்லை.

மேட்டில் ஏறும்போதும் ஆடிக் காற்றை எதிர்த்துப் போகும்போதும் இந்த எண்கள் கூடும் என்பது மெய்தான். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றின் தடை நான்கு மடங்காகும். ஆனால் நாம் பேசுவது பந்தயத்தைப் பற்றி அல்ல. பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வருவதைப் பற்றி.

நடையோடு ஒப்பிட்டால் இன்னும் வியப்பு. நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் நம் உடல் சில சென்டிமீட்டர் உயர்ந்து தாழ்கிறது. காலை முன்னே வீசுகிறோம். உடனே தடுத்து நிறுத்துகிறோம். இந்த வேலையெல்லாம் தூரமாக மாறாமல் வெப்பமாகவே போய்விடுகிறது. சைக்கிளில் உடலின் எடை சீட்டின்மேல் இருக்கிறது; சக்கரமோ நிற்காமல் உருள்கிறது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பொறியியலாளர் எஸ்.எஸ். வில்சன் 1973இல் இதை ஆராய்ந்து எழுதினார். ஒரே தூரத்தை நடந்து கடக்கச் செலவாகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு சைக்கிளுக்குப் போதும் என்பது அவர் காட்டிய கணக்கு. விலங்குகள், பறவைகள், எந்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் வைத்து, எடைக்கு எடை ஒப்பிட்டபோது, முதலிடம் சைக்கிளில் போகும் மனிதருக்கே கிடைத்தது.

காம்பஸை எடுங்கள்

இனி நம் முக்கியமான கணக்குக்கு வருவோம். ஒரு தாளில் புள்ளி வையுங்கள். அது ஒரு பெண்ணின் வீடு. அவள் ஒரு மணி நேரத்தில் 5 கிலோமீட்டர் நடப்பாள். 5 கிலோமீட்டர் ஆரத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். வட்டத்தின் பரப்பு 22/7 × 25, ஏறக்குறைய 79 சதுர கிலோமீட்டர். ஒரு மணி நேரத்தில் அவளால் எட்டக்கூடிய உலகம் அது.

அதே களைப்புக்கு, அல்லது அதற்கும் குறைந்த களைப்புக்கு, சைக்கிளில் 15 கிலோமீட்டர் போகலாம். இந்த ஆரத்துக்கு வட்டம் போடுங்கள். பரப்பு 707 சதுர கிலோமீட்டர்! வேகம் மூன்று மடங்குதான் கூடியது. உலகமோ ஒன்பது மடங்கு பெரிதாகிவிட்டது. பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வந்த விளைவு இது. கல்லூரியில் முதலாண்டு மாணவிகளுக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தால், விடையைப் பார்த்துவிட்டு எங்கோ தவறு என்று மறுபடியும் போடுவார்கள்.

சாலைகள் நாற்புறமும் நேராகப் போவதில்லை; குளமும் வயலும் குறுக்கிடும். ஆகவே இது மேலெல்லை மதிப்புத்தான். இருந்தாலும் ஒன்பது என்ற விகிதம் பெரிதாக மாறாது, ஏனென்றால் குளம் நடப்பவளுக்கும் குறுக்கேதான் இருக்கிறது. அந்த ஒன்பது மடங்குப் பரப்பில் என்னென்ன இருக்கும் என்று எண்ணுங்கள். சிறிய வட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கலாம். பெரிய வட்டத்தில் மேல்நிலைப் பள்ளி இருக்கும். சிறிய வட்டத்தில் கூலி கொடுப்பவர் ஒருவரே இருந்தால் அவர் சொன்னதுதான் கூலி. பெரிய வட்டத்தில் வேறு நால்வர் இருப்பார்கள். ஆரம்பச் சுகாதார நிலையம், வங்கி, வாரச் சந்தை, அக்காள் வாக்கப்பட்ட ஊர் என்று ஒவ்வொன்றும் இப்படியே உள்ளே வரும்.

பேருந்திலும் அத்தனை தூரம் போகலாமே என்பீர்கள். போகலாம், பேருந்து வரும் ஊரில், வரும் நேரத்தில், கையில் காசு இருந்தால். சைக்கிளுக்கு நேர அட்டவணை கிடையாது. "என்னைக் கொண்டுபோய் விடு" என்று அண்ணனையோ கணவரையோ கேட்க வேண்டியதும் கிடையாது. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பொம்மையைப் புத்தகத்தோடு விடாமல் சைக்கிளில் ஏற்றியபோது, எதைக் கண்டு பயந்தார்களோ அதைச் சரியாகவே வரைந்துவிட்டார்கள்.

விழாமல் இருப்பது எப்படி?

வட்டம் பெரிதாக வேண்டுமானால் முதலில் விழாமல் ஓட்டத் தெரிய வேண்டும். உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் விழாது. சைக்கிளும் அப்படித்தான். வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் ஹேண்டில்பாரை இடப்பக்கமே திருப்ப வேண்டும். அப்போது சக்கரங்கள் உடலுக்கு அடியில் வந்து சேர்கின்றன. புதிதாகப் பழகுபவர் இதற்கு நேர்மாறாகச் செய்வார், சாய்ந்த பக்கத்திலிருந்து பயந்து விலகித் திருப்புவார், விழுவார்.

பயத்தில் மெதுவாகப் போவது இன்னொரு சிக்கல். வளைவில் போகும்போது உண்டாகும் முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது. வண்டி 3 டிகிரி சாய்ந்துவிட்டது என்று கொள்வோம். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சுமார் 34 மீட்டர் ஆரமுள்ள வளைவு போதும். அது வளைவு என்றே கண்ணுக்குத் தெரியாது. 5 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 4 மீட்டருக்கும் குறைந்த ஆரத்தில் வெட்டித் திருப்ப வேண்டும். வண்டி வாய்க்காலில் போய் இறங்கும். இங்கும் அதே ஒன்பது மடங்கு! சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருபவர் வண்டியைத் தாங்குகிறார் என்று நினைக்கிறோம். அவருடைய உண்மையான உதவி, பழகுபவர் தன் பயத்தால் அடைய முடியாத வேகத்தை அவருக்குக் கொடுப்பதுதான்.

ஆளில்லாத சைக்கிளையும் தள்ளிவிட்டால் சிறிது தூரம் விழாமல் ஓடுகிறது. ஏன்? சுழலும் சக்கரம் பம்பரம்போல் நிலைத்திருக்கும் என்பது ஒரு விளக்கம். ஹேண்டில்பார்த் தண்டின் அச்சைக் கீழே நீட்டினால் தரையைத் தொடும் புள்ளிக்குச் சற்றுப் பின்னால்தான் முன்டயர் தரையைத் தொடுகிறது. அதனால் சாய்ந்த பக்கம் சக்கரம் தானே திரும்புகிறது என்பது மற்றொன்று. 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்னும் பிரிட்டிஷ் விஞ்ஞானி, எதிர்த்திசையில் சுழலும் இன்னொரு சக்கரத்தைப் பொருத்திப் பம்பர விளைவை ஒழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். ஓட்ட முடிந்தது! 2011இல் அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் இரண்டு விளைவுகளுமே இல்லாத ஒரு சிறு வண்டியைச் செய்தார்கள். அதுவும் தானே நிமிர்ந்து ஓடியது. ஆகவே இரண்டில் எதுவும் தனியாக முழுக் காரணம் ஆகாது. எடை எங்கே எப்படிப் பரவியிருக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. நிலா வரை போய்வந்த மனிதருக்கு, தெருவில் ஓடும் சைக்கிளைப் பற்றி ஒரே வாக்கியத்தில் சொல்லத்தக்க விளக்கம் இன்னும் கைக்கு வரவில்லை. உங்களில் யாருக்காவது அது காத்திருக்கலாம்.

ஓட்டுவதற்கு இந்த விளக்கம் தேவையில்லை என்பது நல்லவேளை. பிரான்சஸ் வில்லர்ட் என்ற அமெரிக்கச் சீர்திருத்தத் தலைவி 53ஆம் வயதில், நாள்தோறும் கால் மணி நேரம்போலப் பழகி, ஏறக்குறைய மூன்று மாதங்களில் சைக்கிள் கற்றுக்கொண்டார். 1895இல் அதைப் பற்றியே ஒரு சிறு புத்தகமும் எழுதினார்.

புதுக்கோட்டையில் நடந்தது

வில்லர்டுக்குச் சுமார் நூறு ஆண்டு கழித்து, அதே காட்சி நம் தமிழ்நாட்டில், ஒருவருக்கு அல்ல, ஒரு மாவட்டத்துக்கே நடந்தது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஊர் ஊராகப் பாடம் நடத்த வேண்டும். பாடம் நடத்த முன்வந்தவர்களில் பெண்கள் ஏராளம். வானம் பார்த்த பூமி, சிதறிக் கிடக்கும் கிராமங்கள், பேருந்து அரிது. இந்த ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு அவர்கள் எப்படிப் போவார்கள்? அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் கற்றுக்கொடுப்பதையும் இயக்கத்தின் ஒரு பகுதியாக்கினார். சைக்கிள் வாங்கக் கடன் தரும்படி வங்கிகளிடம் பேசினார்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கும் கணக்குப்படி, பதினெட்டு மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். வயல் வேலை செய்தவர்கள், கல் உடைத்தவர்கள், செயற்கை வைரக்கல் பட்டை தீட்டியவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், ஆசிரியைகள் எல்லாரும் அதில் இருந்தார்கள். 1992ஆம் ஆண்டு உலக மகளிர் தினத்தையொட்டி 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்தில் ஊர்வலமாகப் போனார்கள்.

அது எளிதில் நடந்துவிடவில்லை. முதலில் ஏறிய பெண்களின் நடத்தையைப் பற்றியே ஊரில் பேச்சு எழுந்தது. சாய்நாத்தும் இதைப் பதிவு செய்திருக்கிறார். தனியாக ஒருத்தி ஓட்டினால் ஊர் அவளைப் பார்க்கிறது. பத்துப் பேர் ஓட்டினால் பத்துப் பேரையும் பார்க்கிறது. ஒரு தெருவில் பாதிப் பேர் ஓட்டத் தொடங்கினால் பார்ப்பவர் யார், பார்க்கப்படுபவர் யார்? தண்ணீர் 99 டிகிரி வரை சூடாகிக்கொண்டுதான் இருக்கும், 100இல் கொதிக்கும். அறிவொளி செய்த பெரிய காரியம், பெண்களை ஒவ்வொருவராக அல்லாமல் ஒருசேரச் சைக்கிளில் ஏற்றியதுதான் என்பது என் கருத்து. அரசாங்கமே கற்றுக்கொடுக்கும் ஒன்றை ஒழுக்கக்கேடு என்று எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருக்க முடியும்?

பலன் கைமேல் தெரிந்தது. முன்பு விளைபொருளைத் தலையில் சுமந்து பேருந்துக்குக் காத்துக் கிடந்தவர்கள், அதைக் கேரியரில் கட்டிக்கொண்டு கூடுதலான ஊர்களில் விற்றார்கள். காத்திருந்த நேரம் மிச்சமாயிற்று. தண்ணீர்க் குடங்கள் இடுப்பிலிருந்து சைக்கிளுக்கு இறங்கின. சாய்நாத் கண்ட இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. பெண்கள் சைக்கிள் போதிய எண்ணிக்கையில் கிடைக்கவில்லை. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலருக்கு அதுவே வசதியாகவும் இருந்தது. சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே ஓடும் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாமே!

அந்தக் கம்பிக்குப் பௌதிகத்திலும் மதிப்பு உண்டு. மூன்று குச்சிகளை முனையில் கட்டி முக்கோணம் செய்து அழுத்துங்கள், வடிவம் மாறாது. நான்கு குச்சிகளில் சதுரம் செய்து அழுத்துங்கள், சாய்ந்துவிடும். ஆண்கள் சைக்கிளின் சட்டம் ஏறக்குறைய இரண்டு முக்கோணங்கள் சேர்ந்தது, ஆகவே உறுதியானது. சேலையும் பாவாடையும் தடுக்காமல் ஏறுவதற்காகப் பெண்கள் சைக்கிளில் மேல்கம்பியைத் தாழ்த்தியபோது அந்த உறுதியில் ஒரு பகுதி போனது. அதை ஈடுகட்டக் குழாயைத் தடிப்பாக்க வேண்டியிருந்தது. மேல்கம்பி உயரமென்று அதற்கு அடியிலேயே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்ட பிள்ளைகளும் இந்த முக்கோணத்துக்குள்தான் புகுந்து ஓட்டினார்கள்.

இன்று புதுக்கோட்டை வீதியில் பெண்கள் ஸ்கூட்டரில் போவதை யாரும் நின்று பார்ப்பதில்லை. சாயும் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை உடல் ஒருமுறை கற்றுவிட்டால், வண்டி மாறினாலும் அது மறப்பதில்லை.

சைக்கிள்தான் காரணமா?

விஞ்ஞானம் படிக்கும் மாணவர் இங்கே ஒரு சந்தேகம் எழுப்ப வேண்டும். பெண்கள் முன்னேறியது உண்மைதான்; ஆனால் அதற்குச் சைக்கிள்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? சாலை வந்திருக்கலாம், வருமானம் கூடியிருக்கலாம், காலமே மாறியிருக்கலாம்.

இதற்கு விடை தேட ஒரு நல்ல வாய்ப்பைப் பீகார் தந்தது. அங்கே 2006இல் 9ஆம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தரும் திட்டம் தொடங்கியது. பொருளாதார அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் இதை ஆராய்ந்தார்கள். திட்டத்துக்கு முன்பு, பின்பு என்று ஒப்பிட்டால் மட்டும் போதாது. ஆகவே மாணவிகளின் உயர்வை அதே ஊர் மாணவர்களின் உயர்வோடு ஒப்பிட்டார்கள். பொதுவான வளர்ச்சியின் பங்கு இதில் கழிந்துபோகும். பிறகு இந்த வேறுபாட்டை அண்டை மாநிலமான ஜார்க்கண்டில் கண்ட வேறுபாட்டோடும் ஒப்பிட்டார்கள். ஜார்க்கண்ட் 2000ஆம் ஆண்டு வரை பீகாரின் பகுதியாகவே இருந்தது; அங்கே அப்போது இந்தச் சைக்கிள் திட்டம் இல்லை. நாடெங்கும் பெண் கல்வி வளர்ந்ததன் பங்கும் இதில் கழிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் வெற்றுப் பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டுப் பொருளின் எடையைக் காண்கிறோமே, அதே முறைதான்.

கழித்ததுபோக மிஞ்சியது சிறியதன்று. உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் உயர்ந்தது. ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. அதைவிட முக்கியமான செய்தி, இந்த உயர்வு பெரும்பாலும் பள்ளி 3 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் நிகழ்ந்தது என்பது. பள்ளி பக்கத்திலேயே இருந்த ஊரில் சைக்கிள் பெரிய மாற்றத்தைச் செய்யவில்லை. நம் வட்டக் கணக்கும் இதைத்தானே எதிர்பார்க்கச் சொல்லும்? 3 கிலோமீட்டர் போய்வர நடையில் 72 நிமிடம். சைக்கிளில் 24 நிமிடம். நாளுக்கு 48 நிமிடம் மிச்சம். 200 பள்ளி நாள்களுக்கு 160 மணி நேரம்.

தமிழ்நாட்டிலும் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவசச் சைக்கிள் திட்டம், பின்னர் மற்றப் பிரிவினருக்கும் மாணவர்களுக்கும் விரிந்தது. இதைப் படிக்கும் உங்களில் சிலர் அந்தச் சைக்கிளிலேயே பள்ளிக்கு வருகிறவர்களாக இருப்பீர்கள்.

எதிர்ப்பும் பழையபடியே, இரண்டையும் சேர்த்தே குறிவைக்கிறது. ஆப்கானிஸ்தானில் 2021இல் ஆட்சியைப் பிடித்த தாலிபான்கள், பெண் குழந்தைகளுக்கு 6ஆம் வகுப்புக்கு மேல் பள்ளியை மூடினார்கள். பெண்கள் விளையாட்டுகளில் ஈடுபடுவதையும் தடுத்தார்கள். அந்த நாட்டின் வடக்கே ஃபார்யாப் மாகாணத்தில் பிறந்த ஃபரிபா, யுல்டுஸ் ஹாஷிமி என்னும் சகோதரிகள் தங்கள் முதல் சைக்கிள் பந்தயத்தில் முகத்தை மறைத்து, வேறு பெயரில் ஓட்டியவர்கள். நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் சாலைப் பந்தயத்தில் இருவரும் ஓட்டினார்கள், சொந்தப் பெயரில்.

நம் ஊரிலும் வட்டம் எல்லா நேரத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை. மாலை ஆறு மணிக்குமேல் பெண்களுக்கு அது சட்டென்று சுருங்கிவிடும். இதில் சாலை விளக்குக்கு உள்ள பங்கைக் கணக்குத் தெரிந்தவர்கள் குறைவாக மதிக்கக் கூடாது. சைக்கிளில் முன்பு டயரில் உரசி ஓடும் டைனமோ இருந்தது. 3 வாட் விளக்கு எரிக்கும். மிதிப்பவரின் 50 வாட்டில் ஒரு சிறு பங்கை வாங்கிக்கொண்டு வெளிச்சம் தரும். வண்டி நின்றால் இருட்டு. இன்றைய எல்.இ.டி. விளக்கு அதைவிடக் குறைந்த மின்சாரத்தில் அதிக வெளிச்சம் தருகிறது, நின்றாலும் அணையாது. சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்பும் மாணவியின் சைக்கிளில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று உங்கள் பள்ளிச் சைக்கிள் நிறுத்தத்தில் எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு செய்முறை. உங்கள் வட்டாரத்தின் வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி, அம்மா, அக்காள் மூவரையும் தனித்தனியே கேளுங்கள்: "பதினைந்து வயதில் துணைக்கு ஆளில்லாமல் எவ்வளவு தூரம் போனீர்கள்?" அப்போது அவர்கள் இருந்த ஊரை மையமாக வைத்து, சொல்லும் தூரத்துக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் போட்டுப் பரப்பைக் கணக்கிடுங்கள். பிறகு உங்களுக்கும் ஒன்று. உங்களுக்கு அண்ணனோ தம்பியோ இருந்தால் அவருக்கும் போடுங்கள். இரண்டையும் வகுத்து விகிதம் காணுங்கள்.